சீசன் என்றால் எந்த மாதம்?

நான் திகதி தவறுகிற ஆள் அல்ல. இந்த ஒரு வசனத்தை ஏற்க முடியாதவர்கள் இதற்கு மேல் வாசிக்க வேண்டாம். அவர்கள் என் மனைவியின் சொந்தக்காரராகத்தான் இருப்பார்கள்.

எங்கள் வீட்டில் மிளகாய்த்தூள் இடித்த நாள் போத்தல் மூடியில் எழுதப்பட்டிருக்கும். காஸ் சிலிண்டர் மாற்றிய நாள் அதன் வயிற்றில் சோக்கட்டியால் எழுதப்பட்டிருக்கும். திருகோணமலைத் துறைமுகத்தில் எழுதுவினைஞனாக இருந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் எந்த இறங்குதுறை எப்போது கட்டப்பட்டது, எந்த வெளிச்சவீடு எப்போது அணைந்தது என்று தேடித் தேடி எழுதுகிறவன் நான். (வாசிக்கிறவர்கள் குறைவு. அது வேறு கவலை.) அப்படிப்பட்ட என்னைப் பற்றி, 'பொம்பிளை பார்க்கப் போகவேண்டிய மாதத்தைத் தவறவிட்ட மாப்பிள்ளை' என்று இரண்டு மாகாணங்களில் கதை உலவுகிறது. அது பொய். நான் சரியான மாதத்தில்தான் போனேன். மாதம்தான் பிழையான இடத்தில் இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு அப்போது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பாலையூற்றில் அக்கா, அத்தானோடு இருந்தேன். அத்தானுக்குச் சந்தையில் மரக்கறிக் கடை. அந்தக் கடைக்கு நுவரெலியாவிலிருந்து லொறியில் கரட்டும் லீக்ஸும் கொண்டுவருகிறவர் செல்வராஜ். அவருக்கு ஒரு தங்கை, பெயர் கலைச்செல்வி, பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். செல்வராஜும் அத்தானும் கரட் மூட்டைகளின் மேல் இருந்து தேத்தண்ணி குடித்துக் குடித்து, எனக்கும் அவளுக்கும் பொருத்தம் என்று முடிவுகட்டினார்கள். படங்கள் கைமாறின. அவள் படத்தில் நேராகப் பார்த்தாள். என் படம் நிலாவெளிக் கடற்கரையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எடுத்தது. தெரிவு செய்தவள் அக்கா. "முகம் எவ்வளவு குறைய தெரியுதோ அவ்வளவு நல்லதடா" என்றாள்.

பெப்ரவரியில் ஒரு நாள் செல்வராஜ் கடைக்கு வந்து சொன்னார்:

"முதலாளி, வீட்டுக்கு வந்து பொண்ணு பாக்குறதெல்லாம் வேணாங்க. சரிப்பட்டு வரலைன்னா அக்கம்பக்கத்துல பேச்சாயிடும். பூந்தோட்டத்துல பாத்துக்குவோம், எதேச்சையா சந்திச்ச மாதிரி. சீசனுக்கு வந்துடுங்க."

"எந்தத் திகதி?" என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

"சீசன் தொடங்கி ரெண்டாவது சனிக்கிழம, மத்தியானம் ரெண்டு மணிக்கு, பூந்தோட்ட வாசல்ல. சீசன் எப்பன்னு சாருக்கு நான் சொல்லணுமா?"

"தேவையில்லை" என்றேன். ஊரின் வரலாற்றையே எழுதுகிறவனிடம் சீசன் எப்போது என்று ஒரு கரட் வியாபாரி சொல்வதா?

சீசன் எப்போது என்பதில் எங்கள் ஊரில் இரண்டு கருத்து கிடையாது. வாடைக்காற்று ஓய்ந்து, கடல் அடங்கி, தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்து, நிலாவெளியில் வெள்ளைக்காரர் வந்திறங்குகிறார்களே, அது சீசன். இறக்கக்கண்டி வள்ளக்காரர் கூட அப்போது இரண்டு வார்த்தை ஆங்கிலம் கதைப்பார்கள். மே மாதம் தொடங்கும். ஆனால் மே மாதத்தில் வெசாக் பண்டிகைக் கூட்டம், தெருவெல்லாம் பந்தல், உண்மையான சீசன் என்று அதைச் சொல்ல ஏலாது. ஜூனில்தான் சீசன் தொடங்குகிறது என்று நான் நியாயங்களோடு நிறுவினேன். அத்தான் ஒத்துக்கொண்டார். அக்காவும் ஒத்துக்கொண்டாள்.

'நுவரெலியாவில் சீசன் என்றால் ஏப்ரல் மாதம். இலங்கையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே!' என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். இந்தச் சின்னப் பிள்ளைகள் அன்றைக்கு எங்கே போயிருந்தார்கள்? ஒன்றாவது எங்கள் கடைப்பக்கம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஏப்ரல் என்றால் எங்களுக்குப் புதுவருசம், வேர்வை, வெக்கை. அந்த மாதத்தில் யாராவது ஒரு பூவை நினைப்பார்களா?

"ஒருக்கா போன் எடுத்துக் கேட்டுப் பாப்பமோ?" என்று அத்தான் இடையில் ஒரு தரம் சொன்னார்தான்.

"உங்களுக்கென்ன விசரோ? மாப்பிள்ளைப் பகுதி அந்தரப்பட்டுத் திரியுது எண்டு நினைப்பினம்" என்று அக்கா அந்தக் கதையை முடித்துவிட்டாள்.

ஏப்ரல் வந்தது, போனது. அதன்பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. கரட் கெட்டுப்போயிற்று.

"புதுவருசத்துக்குப் பிறகு கரட் சரியில்லையடா தம்பி" என்று அத்தான் ஒவ்வொரு கிழமையும் புலம்பினார். "எல்லாம் வேர் மாதிரி வருது. செல்வராஜும் வாறேல்லை, ஆரோ ஒரு டிரைவரை அனுப்புறார். நான் எடுத்தா போனையும் தூக்கிறாரில்லை."

"பொம்பிளைப் பகுதியெல்லே, இனிக் கொஞ்சம் கெத்து இருக்கும்தானே" என்று அக்கா விளக்கம் சொன்னாள்.

ஒரு குடும்பத்தின் மானம் போனதை எங்களுக்கு அறிவிக்க வந்த கரட்டுகள் அவை. நாங்கள் அவற்றைச் சாம்பாரில் போட்டுத் தின்றோம்.

ஜூன் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை விடிய முன்னரே அத்தானின் சின்ன லொறியில் புறப்பட்டோம். நான் மெல்லிய வெள்ளைச் சேட்டு, திறந்த செருப்பு, படத்தில் இருந்த அதே கறுப்புக் கண்ணாடி. அக்கா காற்றுப் புகுகிற மெல்லிய பருத்திச் சேலை. லொறியின் பின்னால் தார்ப்பாய்ப் படங்கின் கீழ், சம்பந்திகளுக்கென்று இறக்கக்கண்டியில் சொல்லி எடுத்த பாரைக் கருவாடு. தம்பலகாமத்து வயல்வெளியில், தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று முகத்தைச் சுட்டது. "சீசனெண்டால் இதுதான்" என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

கண்டி தாண்டியதும் தூறியது. மலை ஏற ஏறக் கொட்டியது. பிறகு மழை எது, முகில் எது, றோட்டு எது என்று பிரித்தறிய முடியாமல் போயிற்று. அத்தான் முன்கண்ணாடியில் மூக்கு முட்ட லொறியை ஓட்டினார்.

"தம்பி."

"என்ன அத்தான்?"

"இவங்கட சீசன் சரியான பயங்கரமா இருக்குதடா."

அந்தப் பூந்தோட்டத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அதற்கு இலவச விளம்பரம் கொடுக்க எனக்கு எந்தக் கடமையும் இல்லை. வாசலில் ஒரு மனிதர்கூட இல்லை. ஒரு குதிரை மட்டும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நனைந்தது. டிக்கெட் கூண்டுக்குள் குரங்குத் தொப்பியும் கம்பளிக் கழுத்துத் துணியுமாக இருந்தவர் எங்களைக் கண்டு திடுக்கிட்டு எழும்பினார்.

"மூன்று டிக்கெட்" என்றேன்.

"இப்ப பூ ஒண்ணும் இல்லீங்களே. சீசன் முடிஞ்சிடுச்சே."

"முடிஞ்சுதோ? சீசன் இப்பத்தானே தொடங்கியிருக்கு!"

"எங்கீங்க?"

"திருகோணமலையில!"

அவர் என் கறுப்புக் கண்ணாடியையும் செருப்பையும் ஒரு தரம் பார்த்தார். "அப்போ அங்கேயே இருந்து பாத்திருக்கலாமே சார்" என்றார்.

சொல்லிவிட்டு மூன்று டிக்கெட்டும் கிழித்துத் தந்தார். பூ இல்லை என்று தானே வாயால் சொன்ன மனிதர், பூ இருக்கிற காலத்து விலையையே வாங்கினார். இந்த அநியாயத்தைக் கேட்க ஆளில்லை.

நான் என் போனிலிருந்து செல்வராஜை எடுத்தேன். தெரியாத இலக்கம் என்பதால் தூக்கிவிட்டார்.

"செல்வராஜ் அண்ணன், நாங்கள் பூந்தோட்ட வாசல்ல நிக்கிறம்."

"யாருங்க? எதுக்கு?"

"திருகோணமலை. பொம்பிளை பாக்க."

பிறகு அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "சார், நாங்க ஏப்ரல்லயே வந்து பாத்துட்டோம். உங்கள இல்லீங்க. வாசல."

அந்த இடத்தில் ஒரு புத்திசாலி மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் சீசனுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினேன். வாடைக்காற்று, கச்சான் காற்று, கடலின் நிறம், வெசாக் பந்தல் எல்லாம் வந்தன. அக்கா என் கையை நுள்ளிக்கொண்டே இருந்தாள். "வெள்ளைக்காரர்" என்ற இடத்தில் செல்வராஜ் போனை வைத்துவிட்டார்.

"நல்லாச் செய்தாய்" என்றாள் அக்கா, பல் கிடுகிடுக்க. "வரலாறு!"

மழைக்கு ஒதுங்க, தோட்டத்தில் செடி வளர்க்கிற கண்ணாடி வீட்டுக்குள் போனோம். போகிற வழியில் அந்தத் தோட்டத்தைப் பார்த்தேன். பாத்தி பாத்தியாகச் சேறு. ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு பலகை, அதில் பூவின் பெயர் மூன்று மொழியில். ரோஜா என்று எழுதிய இடத்தில் வெட்டிய முள்ளுக்குச்சிகள். டேலியா என்று எழுதிய இடத்தில் ஒரு தவளை. நடைபாதையில், லொறியிலிருந்து எடுத்துவந்த கருவாட்டுப் பையை மணந்துகொண்டு நாலைந்து நாய்கள் எங்களோடு வந்தன. அவை மட்டும்தான் எங்கள் வரவில் சந்தோசப்பட்டவை.

அத்தான் லொறிக்குத் திரும்புவோம் என்று எழும்பிய நேரம், மழைக்கோட்டும் முழங்கால்வரை சப்பாத்துமாக ஒரு பெண் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். குடையைச் சுருக்கி உதறினாள். படத்தில் பார்த்தது போலவே நேராகப் பார்த்தாள்.

"திருகோணமல நீங்கதானா?"

"ஓம்" என்றேன்.

"அண்ணன் போன்ல சொல்லிச்சு. அது வராது. கோவமா இருக்கு. நான் பக்கத்துல டியூஷன் குடுத்துக்கிட்டிருந்தேன். ஆளு எப்படின்னு ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." அவள் அக்காவுக்கு மட்டும் தலையசைத்து வணக்கம் சொன்னாள். "ஏப்ரல்ல எங்க அம்மா புதுப் பொடவ கட்டிக்கிட்டு வந்தாங்க. பெரியம்மா வந்தாங்க, சித்தி வந்தாங்க. கொழும்பு சனமெல்லாம் இடிச்சிக்கிட்டுப் போவுது, நாங்க வாசல விட்டு நகரல. நான் அங்கேயே நின்னதுல ஒரு ஆளு எங்கிட்ட டிக்கெட்ட நீட்டினாரு, கிழிச்சிக் குடுன்னு."

அத்தானுக்குச் சிரிப்பு வந்தது. அக்கா பார்த்த பார்வையில் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"பொழுது சாயிற வரைக்கும் நின்னோம். அப்புறம் பெரியம்மா சொன்னாங்க: 'தோட்டத்துப் புள்ளன்னு யாராவது காதுல போட்டிருப்பாங்க, அதான் வரல.' அதையே ஊரும் சொல்லுது."

அவள் சொன்ன தோட்டம் பூந்தோட்டம் அல்ல. தேயிலைத் தோட்டம். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து படித்து வந்த பிள்ளை என்பதற்காக நாங்கள் வரவில்லை என்று அந்த ஊர் முடிவுகட்டியிருந்தது. எங்கள் பக்கத்திலும் ஒன்றிரண்டு பேர் அப்படி முகம் சுளித்தது உண்மை. அவர்களைப் பற்றி எழுதி இந்தத் தாளைக் கெடுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் என்னையும் சேர்த்தது எனக்குப் பொறுக்கவில்லை. அதுவரை குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவன் கோபத்தில் நடுங்கத் தொடங்கினேன்.

"அப்பிடி நினைக்கிறவன் நானில்லை! எனக்கு அது முதலே தெரியும், செல்வராஜ் அண்ணன் மறைக்கேல்லை, நானும் அதைப்பற்றிக் கேக்கேல்லை!"

"அப்போ ஏன் வரல?"

"வந்திருக்கிறனே!"

"இன்னிக்கா?"

"சீசன் தொடங்கி ரெண்டாவது சனி இண்டைக்குத்தான்!"

அவள் கண்ணாடி வீட்டின் கூரையில் அடிக்கிற மழையைப் பார்த்தாள். என் சேட்டைப் பார்த்தாள். காலடியில் ஈரமாகி மணத்துக்கொண்டிருந்த கருவாட்டைப் பார்த்தாள்.

"அந்தக் கண்ணாடியக் கழட்டுங்க."

அப்போதுதான் அது இன்னும் என் முகத்தில் இருப்பது தெரிந்தது. கழற்றினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"ம். பொய் சொல்ற கண்ணு இல்ல" என்றாள். "வெவரம் இல்லாத கண்ணு."

"அது சரி பிள்ளை" என்று அக்கா உடனே ஆமோதித்தாள். என் பக்கத்து ஆள்!

"நீங்க ஏமாத்தலன்னு நான் நம்புறேன். ஊரு நம்பாது. அதனால இனி ஒவ்வொரு பருவத்துக்கும் இந்தத் தோட்டத்துக்கு வாங்க. ஒரு வருசம். நீங்க வர்றத எல்லாரும் பாக்கட்டும், பெரியம்மாவும் பாக்கட்டும். அப்புறம் எங்க வீட்ல நானே பேசுறேன்."

"ஒரு வருசமோ? பூ ஒண்டும் இல்லாத நேரத்திலயுமோ?"

"பூவயா பாக்க வர்றீங்க?" என்று கேட்டுவிட்டு, கருவாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உலகத்தில் எந்த மாப்பிள்ளைக்கும் இப்படி ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டிருக்காது. ஆனால் போனேன். ஒக்டோபரில் போனபோது காலையில் நல்ல வெயில். ஆகா என்று தோட்டத்து மரவாங்கில் உட்கார்ந்தேன். மத்தியானம் இடி இடித்து ஊற்றியது. தோட்டக்காரர் பாத்திகளைக் கொத்திப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். வாங்கின் ஒரு முனையில் நான், மறுமுனையில் கலைச்செல்வி, நடுவில் பெரியம்மா. பெரியம்மா என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "டிக்கெட்டு வாங்கித்தான் வந்தாரா?" என்று மட்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் நின்ற செல்வராஜிடம் விசாரித்தார்.

ஜனவரியில் எங்கள் பக்கம் மாரி. தம்பலகாமத்தில் வெள்ளம் றோட்டை மூடியிருந்தது. அத்தானின் லொறியை விட்டு இறங்கி, காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நடந்து, உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். மலையில் மழையே இல்லை! நீல வானம். விடியற் புல்லில் வெள்ளையாகப் பனி உறைந்து கிடந்தது. அதிசயமாக இருந்ததால் ஒரு கால் வைத்துப் பார்த்தேன். காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். நான் புல் என்று மிதித்தது, பனி கருக்காமலிருக்கச் சாக்கால் மூடியிருந்த நாற்றுப்பாத்தியாம்.

"இதெல்லாம் எதுக்கு?" என்று கலைச்செல்வியிடம் கேட்டேன்.

"ஏப்ரலுக்கு."

"ஒக்டோபர்ல கொத்தினது?"

"அதுவும் ஏப்ரலுக்கு."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு தோட்டம் வருசம் முழுக்க வேலை செய்கிறது, வருசம் முழுக்கக் காசு வாங்குகிறது, ஆனால் பூப்பது மட்டும் கொழும்புக்காரருக்கு லீவு கிடைக்கிற நாளில்! இதையெல்லாம் அவளிடம் விரிவாகச் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். ஒக்டோபரில் நடுவில் இருந்த பெரியம்மா அன்றைக்கு வாங்கின் ஓரத்துக்கு மாறியிருந்தார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

கடைசியாக ஏப்ரல். என்னவெல்லாம் சொன்னார்கள் அந்த ஏப்ரலைப் பற்றி! நான் பார்த்தவை தலைகள். தலைகளுக்கு மேல் போன்கள். போன்களுக்கு மேல் தகப்பன்மாரின் தோளில் பிள்ளைகள். பூக்கள் இருந்ததாகப் பலர் சாட்சி சொல்கிறார்கள், நான் மறுக்கவில்லை. சொன்ன நேரத்துக்கு முன்பே வாசலில் போய் நின்றேன். ஒருவர் என்னிடம் டிக்கெட்டை நீட்டினார். வாங்கிக் கிழித்துக் கொடுத்தேன். அவருக்குப் பின்னால் வந்தவருக்கும் கிழித்தேன்.

அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பெரியம்மா வந்தார், பின்னால் முழுக் குடும்பமும். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"மழையிலயும் வந்தாரு, பனியிலயும் வந்தாரு, இப்பவும் வந்துட்டாரு. ஏம்பா செல்வராஜு, இவருக்கு வேற வேலையே இல்லையா?"

சம்மதம் என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் வார்த்தை. அடுத்த கிழமையே எங்கள் கடைக்கு நல்ல கரட் வந்தது.

இப்போது எங்களுக்கு ஒரு மகள். போன தவணைப் பரீட்சையில் 'இலங்கையின் பருவகாலங்கள் பற்றிச் சுருக்கமாக எழுதுக' என்று ஒரு கேள்வி. அவள் எழுதிய விடை: 'இலங்கையில் இரண்டு பருவங்கள் உண்டு. ஒன்று அம்மாவின் சீசன். மற்றது அப்பாவின் சீசன். ஒன்று நடக்கும்போது மற்றவர் கோபமாக இருப்பார்.'

ஆசிரியை பூச்சியம் போட்டிருந்தார். நான் விடைத்தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போனேன். அந்த விடையில் பிழை எங்கே என்று கேட்டேன். காற்றுகளின் பெயரையும் திசையையும் சொல்லி நிறுவினேன். ஆசிரியர் அறை முழுக்கச் சிரித்தது. கடைசியில் அந்த ஆசிரியை அரைப் புள்ளி போட்டு, பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு குறிப்பும் எழுதித் தந்தார்: 'இனிமேல் வீட்டில் கேட்டு எழுதவும்.'

அவள் வீட்டில் கேட்டுத்தானே எழுதினாள்!